பிந்தி வந்த தோல்

கை மேலே போன பிறகுதான் தோல் போயிற்று.

அய்யாக்குட்டி அதை முதலில் நம்பவில்லை. குப்புறப் படுத்திருந்த பருத்த மனிதரின் இடுப்பில் மறுபடி இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, தோள்பட்டை வரைக்கும் ஒரே இழுப்பாகத் தள்ளினான். கைகள் தோளுக்குப் போய்ச் சேர்ந்தன. இமைக்கிற நேரத்தில் பாதி கழித்து, முதுகுத்தோல் சுருக்கம் சுருக்கமாகப் பின்னாலேயே வந்து சேர்ந்தது. காய்ச்சிய பால் ஆறும்போது மேலே படிகிற ஆடையை விரலால் தள்ளினால், அடியிலிருக்கிற பாலுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் மடங்கிக்கொண்டு நகருமே, அப்படி.

பேரருவிக்குப் போகிற வழியில் கல் பலகைக்குப் பக்கத்தில் எண்ணெய்க் குப்பிகளை வைத்துக்கொண்டு, சீசனுக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற தொழிலில் அவனுக்குப் பதினான்கு வருஷம். எத்தனை முதுகு என்று அவனுக்கே தெரியாது. ஆனால் முதுகு எப்படி நடந்துகொள்ளும் என்பது அவன் கைக்குத் தெரியும். தள்ளினால் கூடவே வரும், விட்டால் கூடவே திரும்பும்.

பத்து மணி வெளிச்சத்தில் சாரல், மாவு சலித்தாற்போல் இறங்கிக்கொண்டிருந்தது. அருவியின் இரைச்சலுக்கு மேலே போலீஸ்காரர் ஒருவரின் விசில் கேட்டது. சிப்ஸ் கடையில் தேங்காய் எண்ணெய் கொதிக்கிற வாசனையும், காயாத துண்டுகளின் புழுங்கல் நாற்றமும், நடைபாதையில் மிதிபட்டுக் கிடந்த பலாச்சுளையின் அழுகல் இனிப்பும், கல்லிடுக்கில் ஊறிய குரங்கு மூத்திரமும் ஒன்றாகக் கலந்து தொண்டைக்குள் இறங்கின. எல்லா வருஷமும் இருக்கிற வாடைதான். இன்றைக்கு அது நாக்கில் ஒட்டியது.

"ஏம்ப்பா, நிறுத்திட்ட?" என்றார் படுத்திருந்தவர்.

"ஒண்ணுமில்ல சார். எண்ணெய் எடுக்கேன்."

அடுத்த கல்லில் ஒருவரின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த நயினார் திரும்பிப் பார்த்தார். ஐம்பது வயது, ஒடிசலான ஆள், வலது கால் பெருவிரலில் நகம் கிடையாது. எப்போதும் அவனுக்குப் பக்கத்துக் கல்லில் தொழில் பார்க்கிறவர்.

"என்னலே, கைய ஒதறுத?"

"எண்ணெய் கூடிப் போச்சு அண்ணாச்சி."

நயினார் அவன் கண்ணைப் பார்த்தார். சிவந்து கிடந்த கண்ணை. தன் வேலைக்குத் திரும்பிக்கொண்டார்.

கஞ்சா அவனிடம் நல்லவிதமாகத்தான் வந்து சேர்ந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு சீசனில், தோள் இரண்டும் கழன்று விழுகிற வலி. லாட்ஜில் வேலை பார்த்த ஒருவன் சிகரெட்டில் அடைத்துக் கொடுத்தான். அன்றைக்குக் கைகள் தானாக வேலை செய்தன. வலி எங்கேயோ தள்ளி நின்றது. வீட்டுக்குப் போய் எட்டு புரோட்டா தின்றான். பீடி சுற்றிக்கொண்டிருந்த தங்கபுஷ்பம் ஏதோ சொல்ல, அதற்கு அவன் சிரிக்க, அவன் சிரிப்பதைப் பார்த்து அவள் சிரிக்க, இரண்டு வயதுக் குழந்தை சுஜிதாவும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தது.

மறு வருஷம் சாயங்காலத்துக்கு என்றிருந்தது காலைக்கும் ஆயிற்று. அது இல்லாத மணி நேரங்கள் சப்பென்று ஆயின. சாப்பாட்டில் ருசி இல்லை, தூக்கம் இல்லை. சொன்னதைச் சொன்னோமா என்று மறந்துபோனான். குழந்தை ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டால் கத்தினான். கத்திவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். டீக்கடையில் இரண்டு பேர் குரலைத் தாழ்த்திப் பேசினால், பேச்சு தன்னைப் பற்றித்தான் என்று முதுகு சில்லிட்டது. அதையெல்லாம் அடக்குவதற்கு அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது.

அன்றைக்கும் அதைத்தான் செய்தான். பருத்த மனிதர் எழுந்து அருவிக்குப் போனதும், லாட்ஜ் மதிலுக்குப் பின்னால் போய் நின்று, நெஞ்சு படபடப்பு தணிகிற வரைக்கும் இழுத்தான். திரும்பி வந்து அடுத்த ஆளைப் படுக்கவைத்தான். இளவயது, ஒல்லி உடம்பு. கையை வைத்தான். தள்ளினான்.

தோல் இன்னும் பிந்தி வந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில், தொட்டதெல்லாம் அப்படி ஆயிற்று. அருவிக்குப் போகிற வழியெல்லாம் உரித்துப்போட்ட ரம்புட்டான் தோல்கள் முடியோடு சிவந்து கிடந்தன. அவற்றை மிதிக்காமல் நடக்க அவன் காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். எண்ணெய் தேய்த்துக்கொள்ள வந்த பார்ட்டிகளின் அக்குளிலிருந்து வந்த வியர்வை, எண்ணெயோடு சேர்ந்து அவன் நகக்கண்ணில் மஞ்சளாகப் படிந்தது. சாப்பிட உட்காரும்போது அந்த வாடை சோற்றுக்கு முன்னால் வாய்க்குள் போயிற்று. ரசத்தில் வெந்து கழன்ற தக்காளித் தோல் ஓரத்தில் சுருண்டு மிதப்பதைப் பார்த்துத் தட்டைத் தள்ளிவைத்தான். வியாழக்கிழமை தங்கபுஷ்பம் சாளை மீன் பொரித்தாள். அவன் விரல் பட்டதும் மீனின் தோல் முழுசாக, ஒரு சட்டையைக் கழற்றினாற்போல், கையோடு வந்தது. கொல்லைக்கு ஓடி வாந்தியெடுத்தான். வெறும் வயிறு. பச்சை நிறமாக, கசப்பாக, நூல் நூலாக வந்தது.

தங்கபுஷ்பம் பின்னாலேயே வந்து அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். புகையிலைத் தூள் அப்பிய, காய்ந்த கை. அந்த உள்ளங்கை அவன் நெற்றியில் அசையாமல் இருந்தது. ஆனால் உள்ளங்கைக்குள்ளே, தோலுக்கு அந்தப் பக்கம், ஏதோ வசதியாக உட்காருவதற்குத் திரும்பிக்கொண்டது.

அவன் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"அத்தான், இன்னும் அதைக் குடிக்கீங்களா?" என்றாள் அவள்.

"இல்லட்டி."

"எந்தலையில அடிச்சுச் சொல்லுங்க."

அவன் கையைத் தூக்கினான். எண்ணெய் தடவிப் படிய வாரிய அவள் தலையைப் பார்த்தான். வகிட்டில் வெளேரென்று தெரிந்த தோல் வரியைப் பார்த்தான். அதைத் தொட முடியவில்லை. கையைக் கீழே போட்டான்.

பொய்ச் சத்தியம் பண்ண மனசு வரவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நிஜத்தைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. உன் தோல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை காலை, சுற்றிய பீடியைக் கொடுத்துவிட்டு இலை வாங்கி வரத் தங்கபுஷ்பம் கடைக்குக் கிளம்பினாள்.

"புள்ளைக்கு எண்ணெய் தேச்சு வைங்க. வந்து தண்ணி ஊத்துதேன்" என்றாள்.

அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கொல்லைப்புறம் போய்ப் பற்றவைத்தான். மகளின் உடம்பைத் தொட்டு அருவருப்பு வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். அதை நினைத்தே கூடக் கொஞ்சம் இழுத்தான்.

மேலகரத்தில் அந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால் எப்போதும் ஈரம். சுவரில் பாசி, துவைகல்லில் சோப்பு நுரை காய்ந்த வெள்ளை, சாக்கடையில் சோற்றுப் பருக்கைகள். ஐந்து வயது சுஜிதா ஜட்டியோடு மணையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவன் எண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து அவள் உச்சியில் வைத்தான். தோளில் தடவினான்.

பிந்தி வந்தது.

அத்தனை பேருக்கும் வந்தபோது அவன் பயந்தான். இப்போது வந்தது பயம் இல்லை. என் பிள்ளைக்குமா என்கிற ஆத்திரம். குழந்தையின் இடது தோளில், தோலும் உடம்பும் பொருந்தாத அந்த இடைவெளியில், எண்ணெய் பிசுக்குப்போல் ஏதோ ஊறி நிற்பதாக அவனுக்குப் பட்டது. இது இவள் தோல் இல்லை. மேலே படிந்திருக்கிற ஆடை. எடுத்துவிட்டால் போதும். அடியில் பிள்ளை இருக்கிறாள். பிறந்தபோது இருந்த மாதிரி, சுத்தமாக.

துவைகல்லின் ஓரத்தில் பாத்திரம் தேய்க்கிற தேங்காய் நார் இருந்தது.

"அப்பா, சொரசொரங்கு."

"கொஞ்ச நேரம்தான்மா."

"அப்பா, வலிக்கு."

தேய்த்தான். வட்டமாக. மெதுவாகத்தான் தேய்த்தான் என்று அவன் நினைத்தான். தோல் சிவந்தது. மினுங்கியது. ஓரத்தில் எழும்பியது. இதோ. வருகிறது. இன்னும் கொஞ்சம். குழந்தையின் குரல் தூரத்தில் எங்கேயோ கேட்டது, அருவிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பதுபோல். நார் வழுக்கியது. எண்ணெய் சிவப்பானது. இன்னும். இன்னும் கொஞ்சம்.

"கைய எடுங்க."

தங்கபுஷ்பம் கத்தவில்லை. இலைக்கட்டு அவள் காலடியில் விழுந்து கிடந்தது.

"அத்தான். கைய எடுங்க."

அவன் கையைப் பார்த்தான். நாரைப் பார்த்தான். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் ஒரு பிடி அளவுக்குத் தோல் இல்லை. அடியில் சுத்தமான பிள்ளை யாரும் இல்லை. இரத்தம்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் தோளுக்குக் கட்டுப் போட்டதும், மத்தியானத்துக்குள் தங்கபுஷ்பம் அவளை அச்சன்புதூரில் தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பஸ் ஏறுவதற்கு முன்னால் அவனிடம் ஒன்றுதான் சொன்னாள்.

"இருவது நாளு. அதத் தொடாம இருந்துட்டு, அதுக்கப்புறம் வாங்க. அதுவரைக்கும் அங்கன வந்து நிக்காதீங்க. எனக்கு ஒங்களப் பாத்தா பயமா இருக்கு."

அவனுக்கும் தன்னைப் பார்த்தால் பயமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை நயினார் அவனைத் தென்காசிக்குக் கூட்டிப் போனார். லோகநாயகி என்கிற டாக்டர் அம்மா, அவன் சொன்னதை முகம் சுளிக்காமல் கேட்டார். தோல் பிந்தி வருகிறது என்று முதல் தடவையாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னபோது, அதன் அசட்டுத்தனம் அவனுக்கே கேட்டது.

"கஞ்சா எல்லாருக்கும் இப்படிச் செய்யும்னு இல்ல" என்றார் அவர். "சில பேருக்குச் செய்யும். இல்லாதது தெரியும், தொட்டாலும் தட்டுப்படும், அதை நம்பவும் வைக்கும். ஒங்களுக்குச் செய்யுது. ஒரு இழுப்புகூட இனிமே கூடாது. மாத்திரை தாரேன், விடாமச் சாப்பிடுங்க. தூக்கம் வராது, வேர்க்கும், கெட்ட கனவு வரும். பயப்படாதீங்க. போயிரும்."

"தோலு சரியாயிருமா மேடம்?"

"தோலுக்கு ஒண்ணும் இல்ல அய்யாக்குட்டி. ஒங்களுக்குத்தான் சரியாகணும்."

சொன்னபடியே வேர்த்தது. தலையணை ஊறி நாறியது. பூட்டிய வீட்டில், குழந்தையின் அழுக்குப் பாவாடையும் தங்கபுஷ்பத்தின் புகையிலை வாடையும் இருந்த அறையில், சுவரோடு ஒண்டிக்கொண்டு கிடந்தான். நாலாம் நாள் பொட்டலம் வைத்திருந்த இடத்துக்குப் போய், எடுத்து, சாக்கடையில் கொட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து நடுங்கினான். ஒன்பதாம் நாள் கஞ்சி குடித்தான். ருசித்தது. பன்னிரண்டாம் நாள் தன் தொடையில் கையை வைத்துத் தள்ளிப் பார்த்தான். தோல் கூடவே வந்தது. கையை எடுத்துவிட்டு, மறுபடி வைத்து, பத்துத் தடவை தள்ளினான். பத்துத் தடவையும் கூடவே வந்தது.

பதினைந்தாம் நாள் வேலைக்குப் போனான். கண்ணை மூடிக்கொண்டு முதல் முதுகில் கை வைத்தான். வெறும் முதுகு. சூடான, மச்சமுள்ள, சாதாரண மனித முதுகு.

அன்றைக்குச் சாயங்காலம் தங்கபுஷ்பம் போனில் பிள்ளையிடம் கொடுத்தாள்.

"அப்பா, எனக்குப் புண்ணு ஆறிட்டு" என்றாள் சுஜிதா. கொஞ்ச நேரம் மூச்சுவிடுகிற சத்தம். "நீங்க நார எடுத்துட்டு வரமாட்டீங்கள்ல?"

"எடுத்துட்டு வரமாட்டேன்மா" என்றான்.

இருபதாம் நாள் வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை அச்சன்புதூர் பஸ். மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்திருந்தது. சாரல் நின்று, மலைக்கு மேலே வெயில் லேசாகத் தட்டியது. நயினார் தன் கல்லைத் துடைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டார்.

"ஏலே, இங்கன வா. படு."

"எனக்கா?"

"ஊருக்கெல்லாம் தேய்க்கோம். ஒனக்கு யாரு தேச்சா? நல்லாத் தேச்சு விடுதேன், அருவியில நின்னு குளிச்சிட்டு, நாளைக்கு மாமியா வீட்டுக்கு மனுசனாப் போ."

அவன் சட்டையைக் கழற்றி, துண்டைக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்தான். கல் வெதுவெதுப்பாக இருந்தது. மோவாயைக் கைமேல் வைத்துக்கொண்டதில், நடைபாதையும் எதிரேயிருந்த டீக்கடையின் கால்களும் போகிற வருகிற பாதங்களும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. எண்ணெய் இளஞ்சூடாக முதுகில் விழுந்தது. நயினாரின் கைகள் தோளில் இறங்கின. நல்ல கைகள். முடிச்சு எங்கே இருக்கிறது என்று கேட்காமலே போய் நிற்கிற கைகள். மூன்று வருஷம் தோளில் கட்டிக் கிடந்தது ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. கண்ணில் நீர் வந்து மூக்கு நுனியில் நின்று கல்லில் சொட்டியது. அவன் துடைக்கவில்லை.

கைகள் தண்டுவடத்தின் இரண்டு பக்கமும் கட்டைவிரல்களை ஊன்றிக் கீழே இறங்கின. இடுப்பில் நின்றன. மறுபடி மேலே ஏறின. ஒரே தாளம். கண் செருகியது. யாரோ போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா, ரெண்டு பேரா? வாங்க, வாங்க. பேரருவி வழிதான். நயினார்னு கேளுங்க."

அவன் கண்ணைத் திறந்தான்.

டீக்கடைக்கு முன்னால், பத்தடி தள்ளி, நயினாரின் கால்கள் நின்றன. வலது கால் பெருவிரலில் நகமில்லாத கால்கள். அவன் மெல்லக் கண்ணை உயர்த்தினான். நயினாரேதான். ஒரு கையில் போன். ஒரு கையில் டீக் கிளாஸ்.

முதுகில் கைகள் நிற்கவில்லை.

கட்டைவிரல் இரண்டும் தண்டுவடத்தின் ஓரமாக ஏறிக்கொண்டிருந்தன. அவசரம் இல்லாமல். பழகின இழுப்பில்.

அவன் மூச்சை நிறுத்தினான். மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன். காலையிலும் சாப்பிட்டேன். இருபது நாள். ஒரு இழுப்புகூட இல்லை. இல்லாதது தெரியும் என்று சொன்னார்கள். போயிரும் என்று சொன்னார்கள். அசையாதே. போயிரும்.

தலையை மட்டும் திருப்பினான். பக்கத்தில் யாரும் இல்லை. கல்லின் அந்தப் பக்கத்திலும் இல்லை.

கைகள் தோள்பட்டைக்கு அடியில் விரிந்தன. அழுத்தின. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. தேய்க்கிற கை அழுத்தினால் நெஞ்சு கல்லில் அமுங்க வேண்டும். இருபது நிமிஷமாக அப்படித்தான் அமுங்கியது. இப்போது அமுங்கவில்லை. முதுகுதான் எழும்பியது.

ஈரத் தலையோடு ஒரு பெண் அருவியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். கையில் ஈரத் துணி வாளி. போகிற போக்கில் அவன் முதுகைப் பார்த்தாள். நின்றாள். வாளி சாய்ந்து துணிகள் வழியில் சரிந்தன. சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, கண்ணை எடுக்க முடியாமல், அங்கேயே குனிந்து ஓங்கரித்தாள்.

"என்னம்மா, என்னாச்சு?" என்று நயினார் கேட்கிற குரல். டீக் கிளாஸ் உடைகிற சத்தம். பிறகு நயினாரிடமிருந்து எந்தச் சத்தமும் இல்லை.

எண்ணெய் மினுங்கும் அய்யாக்குட்டியின் முதுகில், பத்து விரல்களும் தனித்தனியாக, தோலை உள்ளேயிருந்து தூக்கிக்கொண்டு, பிடரியை நோக்கி மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தன.